நடுவில் அளக்காத பை

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் படுத்துவிடாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். உன் கால் வீக்கம் வடிந்ததா? நாள் முழுக்க வார்டில் நிற்கிற வேலை, செருப்பை ஓர் அளவு பெரிதாக வாங்கு என்று போன மாதமே சொன்னேன், வாங்கியிருக்க மாட்டாய் என்று தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனில் "அப்பாவுக்கு என்னம்மா ஆச்சு, ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டேங்கறாரு" என்று கேட்டது பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் காதிலும் விழுந்தது. உன் அம்மா இது சர்க்கரை வியாதிதான் என்று தானே முடிவு கட்டி என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று அவர் எழுதியே கொடுத்துவிட்டார், ஆனாலும் என் காப்பிக்குச் சர்க்கரை இன்னும் திரும்பவில்லை. எனக்கு வியாதி எதுவும் இல்லை பாப்பா. வேறொன்று இருக்கிறது, அதை ஃபோனில் சொல்ல நாக்கு எழவில்லை. அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிடப் போயிருக்கிற நேரத்தில் என் மேஜையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், நீயும் தனியாக இருக்கும்போது படி.

அப்பா சுங்க அலுவலகத்தில் என்ன வேலை பார்க்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் நீ "பெட்டியத் திறந்து பாக்கறாரு" என்று சொல்வாய். அவ்வளவுதான் வேலை. வெளிநாட்டிலிருந்து வருகிற சரக்கைத் திறந்து பார்த்து, அது வரி அட்டவணையில் எந்த வகையில் சேரும் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், நான் எழுதுகிற வகையைப் பொறுத்து வரி கூடும் அல்லது குறையும். இரண்டரை வருடத்துக்கு முன்னால் ஒரு கன்டெய்னர் நிறையப் பயணப் பைகள் வந்தன. பிளாஸ்டிக் பட்டையால் நெய்து, கட்டம் போட்டு, ஜிப் வைத்த பெரிய பைகள், ஊரைவிட்டுப் பிழைக்கப் போகிறவர்கள் துணிமணியைத் திணித்துக்கொண்டு போவார்களே, அதே பை. எங்கள் அட்டவணைப்படி அந்தப் பட்டையின் அகலம் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பை பிளாஸ்டிக் சாமான், அதற்குள் இருந்தால் துணிப் பை. துணிப் பைக்கு வரி மூன்று மடங்கு. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும், ஆனால் சட்டம் அதுதான்.

பைகளை வரவழைத்தவள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சின்னதாகக் கடை வைத்திருந்த ஒரு பெண், உன்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். புருஷன் தையல்காரர், பழைய பைகளுக்கு ஜிப் மாற்றிக் கொடுப்பார். அதுவரை மொத்த வியாபாரிகளிடம் வாங்கி விற்றவர்கள், முதல் முறையாகத் துணிந்து நேரடியாக இறக்குமதி செய்திருந்தார்கள். அன்றைக்குக் காலையில் வேறொரு ஃபைலுக்காக மேலதிகாரி எல்லோர் முன்னாலும் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார், நான் அந்த முகத்தோடு சரக்கு வைக்கும் ஷெட்டுக்குப் போனேன். ஒரு பையை எடுத்து, ஸ்கேலை வாயோரத் தையலில் வைத்தேன். நாலரை வந்தது. துணிப் பை என்று எழுத ஆரம்பித்தேன். அந்தப் பெண் பக்கத்தில் வந்து, "சார், தையல்கிட்ட பட்டை சுருங்கிக் கெடக்கு சார், நடுவுல வெச்சு ஒருவாட்டி அளந்து பாருங்க சார்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனால் சுமை தூக்குகிறவர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், என் கீழே வேலை பார்க்கிற இரண்டு பேரும் இருந்தார்கள். இத்தனை வருடம் அளந்தவனுக்கு இவள் அளக்கச் சொல்லித் தருகிறாளா என்று எனக்குச் சுருக்கென்றது. "எங்க வைக்கணும்னு எனக்குத் தெரியும்மா, தள்ளி நில்லு" என்றேன். தள்ளி நின்றாள். நான் பையை மடித்து வைத்தேன், நடுவில் ஸ்கேலை வைக்கவில்லை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அறிக்கையில் "பல இடங்களில் அளந்து பார்க்கப்பட்டது" என்று எழுதினேன். நாங்கள் எல்லோரும் எப்போதும் எழுதுகிற வாக்கியம், கை தானாக எழுதிவிடும். அந்த ஒரு வாக்கியம்தான் அவளைக் கவிழ்த்தது. மூன்று மடங்கு வரி கட்டிச் சரக்கை எடுக்க அவளால் முடியவில்லை, மேல்முறையீடு செய்தாள். அதிகாரி பல இடங்களில் அளந்திருக்கிறாரே, இனி என்ன சந்தேகம் என்று முதல் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டார்கள். அதற்குள் ஒரு வருடம். விடாமல் அதற்கு மேலே போனாள், அங்கேதான் யாரோ ஒருவர் பைகளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி அளக்கச் சொன்னார். நடுவில் ஐந்தே முக்கால். எல்லாப் பைகளிலும் அப்படித்தான். பிளாஸ்டிக் சாமான்தான், அவள் சொன்னதுதான் சரி என்று தீர்ப்பு வந்தது.

ஷெட்டில் இடமில்லை என்று அந்தச் சரக்கை எப்போதோ வெளியே திறந்த வெளியில் போட்டிருந்தார்கள். மழையில் அட்டைப்பெட்டிகள் ஊறிப் பிய்ந்தன, மேலே போட்ட தார்ப்பாய் காற்றில் போயிற்று, அதற்கப்புறம் வெயில் நேராகப் பைகளின் மேலேயே காய்ந்தது. தீர்ப்பு நகலை எடுத்துக்கொண்டு அவள் வந்த அன்று சரக்கைக் காட்ட என்னைத்தான் அனுப்பினார்கள். அவள் ஒரு பையைக் கைப்பிடியில் பிடித்துத் தூக்கினாள். கைப்பிடி மட்டும் கையோடு வந்தது, பை கீழே விழுந்து அப்பளம் மாதிரி நொறுங்கியது. இன்னொன்றை எடுத்தாள், அதுவும் அப்படியே. மூன்றாவதை எடுக்கவில்லை. அழுவாள், என்னைத் திட்டுவாள் என்று நின்றேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். சரக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதற்கும் ஒரு படிவம் இருக்கிறது, அதை என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து நிரப்பினாள். பாதியில் நிறுத்தி, "சார், இப்ப இது எந்த வகைன்னு எழுதணும்?" என்று கேட்டாள். குத்திக் காட்டவில்லை பாப்பா, அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று உண்மையிலேயே தெரியாமல் கேட்டாள். பிளாஸ்டிக் கழிவு என்று சொன்னேன். எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கடை என்ன ஆயிற்று என்று கேட்டேன், இப்போது அங்கே வேறு யாரோ ஃபோன் ரிப்பேர் செய்கிறார்களாம். புருஷன் தையல் மிஷினை விற்றுவிட்டு வெளிநாட்டுக்குக் கட்டட வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறதாம். "பொண்ணுக்கு அவர் முகமே மறந்துபோச்சு சார், ஃபோன்ல பாத்தா யாருன்னு கேக்கறா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அன்றிலிருந்துதான் எனக்குப் பேச்சு வரவில்லை. நான் ஓர் இடத்தில்தான் அளந்தேன், அறிக்கையில் எழுதியது பொய் என்று ஒரு கடிதம் எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "ஃபைல மூடியாச்சு, அடுத்த மாசம் ரிடையர் ஆகப் போறீங்க, எதுக்கு நீங்களே போய் மாட்டிக்கறீங்க? எங்களையும் சேத்து இழுத்துவிடாதீங்க" என்று என் சட்டைப் பையிலேயே அதை மடித்து வைத்தார். கெட்டவர் இல்லை, எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். மறுநாள் அந்தப் பெண்ணின் வீட்டைத் தேடிப் போனேன். மாடிப்படிக்கு அடியில் ஒற்றை அறை, வாசலிலேயே அடுப்பு. கடிதத்தைக் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். "அன்னிக்கே ஒருவாட்டி வெச்சுப் பாத்திருக்கலாமே சார்" என்றாள். பிறகு, "இத வெச்சு நான் என்ன சார் பண்றது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். யாராவது ஒருவர் இதை வாங்கிக்கொள்வார்கள் என்று நினைத்தேன், யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

என் ஓய்வு விழாவுக்கு நீ லீவு போட்டு வருவதாக அம்மா சொன்னாள். வராதே பாப்பா. உன்னைப் பார்க்க ஆசை இல்லாமல் சொல்லவில்லை, அந்த மேடையில் நான் உட்கார்ந்திருப்பதை நீ பார்க்க வேண்டாம். உன் அம்மா இப்போதே அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும், "முப்பது வருஷத்துல எங்க வீட்டுக்காரர் ஒரு தப்பான கையெழுத்து போட்டதில்ல" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள், எனக்குப் புதுச் சட்டைத் துணி எடுத்து வைத்திருக்கிறாள். அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து உள்ளே போய்விடுகிறேன். நான்கு முறை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன், நான்கு முறையும் தண்ணீர் கேட்டேன். அவளும் கொண்டுவந்து கொடுத்தாள்.

நீ நீண்ட ஆயுளோடும் நோய்நொடி இல்லாமலும் இருக்க வேண்டும், மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் காலையிலேயே கூப்பிடு. ஃபோனை அம்மா எடுப்பாள். இந்தக் கடிதத்தை அவளுக்கு நீ படித்துக் காட்டு, ஒரு வரியும் விடாதே, அப்பாவுக்காக எதையும் மாற்றிச் சொல்லாதே. நான் வெளியே எங்கும் போக மாட்டேன், பக்கத்து அறையில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா