தென்றல் ஆகாது என்று எழுதிய ஓலைநாயகத்துக்கு

மங்கலம் நிலவுக. மலை ஏழும் கழி இரண்டும் தன் குடைக்கீழ் அடங்க, பகைத்தவர் மதிலை எருக்குழி ஆக்கி, பணிந்தவர் முதுகைப் படிக்கட்டு ஆக்கி, வெண்கழிநாடு முழுதாளும் கோப்பெருந்தேவி சோதிமங்கையாகிய நாம், தலைநகர் நெடும்புரிசையில் முத்துமண்டபத்தே வீற்றிருந்து, நம் வாய்மொழியால் எழுதுவித்து விடுத்த திருவோலை.

வடகரைக் கூற்றத்தில் இருக்கும் நம் ஓலைநாயகம் மாறன் பரமேட்டி காண்க. உமக்கும் உம் மனையாளுக்கும் உம் கூற்றத்து ஏரி குளங்களுக்கும் ஆடு மாடுகளுக்கும் நலம் பெருகுக. உம் மகனுக்கும் நலம் பெருகுக என்று சொல்ல வாயெடுத்தோம். பிறகு வேண்டாம் என்று விட்டோம். ஏன் என்பது போகப் போக விளங்கும்.

அன்றாடக் கட்டளைகளை நாம் கணினியில் எழுதுவித்து மின்மடலாய் விடுப்பதே வழக்கம் என்பதை நீர் அறிவீர். கணினியில் எழுதியதை அழிக்கலாம், திருத்தலாம், அனுப்பியபின் அது நான் இல்லை என்று மழுப்பவும் மழுப்பலாம். ஓலையில் கீறியது கீறியதுதான். ஆகவே இச்செய்தி ஓலையில் வருகிறது. உட்கார்ந்து படியும், கால்வலி என்று விடுப்புப் பெற்றுப் போனவர் நின்றுகொண்டு படிக்க வேண்டாம்.

நாம் நாடு சுற்றப் புறப்படும்போது சிவிகையில் நம்மோடு வரும் பழைய கணினி அம்மிக்கல் கனம் என்பதும், அதைச் சுமந்தவனுக்குத் தோள்பட்டை இறங்கிப்போனது என்பதும் ஊரறிந்த செய்தி. தோள் போனால் வேறு ஆள் கிடைப்பான். ஆனால் அவன் கணினியையும் சேர்த்துக் கீழே போட்டதால் நம் கட்டளை ஒன்று பாதியில் நின்றதே, அதுதான் நமக்குப் பொறுக்கவில்லை. ஆதலின் எடை குறைந்த மடிக்கணினி ஒன்று வேண்டும் என்றோம். கடல் கடந்து வந்த வணிகர் இரண்டு கொணர்ந்தனர். ஒன்றன் பெயர் தும்பி, மற்றதன் பெயர் தென்றல். இரண்டும் சாம்பல் நிறம், இரண்டும் விரல் தடிப்பு, இரண்டும் ஒரு சீப்பு வாழைப்பழத்தின் கனம்கூட இல்லை. தும்பியின் திரை நூலளவு கூடுதல் உயரம். தென்றலுக்குப் பக்கவாட்டில் ஒரு துளை அதிகம். மற்றபடி மூடி மேலிருக்கும் பெயரைப் பார்த்தாலன்றிக் கொணர்ந்த வணிகனுக்கே எது எதுவென்று தெரியாது.

இவற்றுள் ஒன்றைத் தேர்ந்து சொல்லும் பொறுப்பை உம்மிடம் தந்தோம். உம் மகன் பூவணன் கையில் தும்பியையும், படகோட்டி அரட்டன் மகள் வேம்பி கையில் தென்றலையும் கொடுத்து, அரண்மனை வேலையை இருவரும் அவற்றிலேயே பார்க்கட்டும் என்றோம். எவர் கைக்கணினி தேறுகிறதோ அவரே நம் பயண எழுத்தராகி நம்மோடு வருவார் என்றும் சொன்னோம். அங்கேதான் உமக்கு நாக்கில் நீர் ஊறியது. படகோட்டி மகள் சிவிகைக்குப் பக்கத்தில் நடக்க, ஓலைநாயகத்தின் மகன் ஊரில் இருப்பதா என்று உமக்குத் தூக்கம் போயிற்று. தவறில்லை, பெற்ற மனம் அப்படித்தான்.

ஆனால் நீர் என்ன செய்திருக்க வேண்டும்? நெடும்புரிசைக்கு வந்து, இரண்டையும் மடியில் வைத்து, நாலு வரி தட்டிப் பார்த்திருக்க வேண்டும். நீரோ வடகரையில் காலை நீட்டிக்கொண்டு, மகன் அனுப்பும் மின்மடல்களைப் படித்தே காலம் தள்ளினீர். அவன் தன் கணினியின் விசைகள் வெண்ணெய் என்று எழுதினான். நீர் தும்பியின் விசைகள் வெண்ணெய் என்று குறித்துக்கொண்டீர். அவன் தன் கணினி மடியில் சுடவில்லை என்று எழுதினான். நீர் தும்பி சுடாது என்று குறித்துக்கொண்டீர். வேம்பியிடம் ஒரு சொல் கேட்டீரா? அவள் கையிலிருப்பது எப்படி ஓடுகிறது, திரை எப்படித் தெரிகிறது என்று ஒப்புக்காவது விசாரித்தீரா? இல்லை. கேட்காமலேயே அதற்கு ஆயிரம் குறை கண்டுபிடித்தீர். அடேயப்பா, பாராத பொருளுக்கு அத்தனை குறை சொல்ல உம்மால்தான் முடியும்.

இடையில் கருவிப் பூசை வந்தது. நம் நாட்டு வழக்கம் நீர் அறியாததன்று. வாளாயினும் ஏராயினும் கணினியாயினும், பூசை நாளில் கோயில் மண்டபத்தில் அடுக்கிச் சந்தனம் அப்பிக் குங்குமம் இடுவோம். அப்பிய சந்தனம் தானாக உதிரும்வரை எவரும் துடைக்கலாகாது. மூடியின் நடுவே பெயர் இருந்த இடத்தில்தான் பூசாரி கை நிறையச் சந்தனம் அப்பினார். திருப்பித் தரும்போது வேம்பிக்குத் தும்பியும் உம் மகனுக்குத் தென்றலும் போயின. எழுதுவன எல்லாம் அரண்மனைப் பொதுக் கணினியில் சேர்வதால், எதைத் திறந்து தம் கடவுச்சொல்லை இட்டாலும் அவரவர் வேலை அவரவர் முன் வந்து நிற்கும். ஆகவே யார் வேலையும் நிற்கவில்லை. மாறிப்போனதை எவரும் பேசவும் இல்லை. வெண்ணெய் விசையும் சுடாத அடிப்பக்கமும் என்று உம் மகன் பூசைக்குப் பிறகு புகழ்ந்ததெல்லாம் தென்றலைத்தான்.

பிறகு உம் தீர்ப்போலை வந்தது. தும்பி வேண்டும் என்று எழுதினீர். சரி. அதோடு நிறுத்தினீரா? தென்றல் ஆகாது, ஆகாது, ஆகாது என்று மும்முறை எழுதி, உம் முத்திரையையும் குத்தினீர். அரண்மனைக்கு வந்த பொருளை ஓலைநாயகம் ஆகாது என்று எழுதிவிட்டால், அந்தப் பொருளும், எழுதிய நாளில் அதைக் கையாள்பவரும் உப்புத்தீவுக்குப் போய் அங்கேயே கிடக்க வேண்டும், ஆகாததில் பழகிய கை அரியணைப் பொருளைத் தொடலாகாது என்பது நம் முன்னோர் வகுத்த விதி. நீர் மறந்து எழுதவில்லை. அந்த விதியை நம்பித்தான் எழுதினீர். வேம்பி ஊரில் இருந்தால் என்றைக்காவது உம் மகனுக்குப் போட்டியாவாள் என்று, ஒரு பெண்ணை உப்பில் புதைக்க மூன்று சொல் செலவழித்தீர். உம் கல்நெஞ்சை நாம் மெச்சுகிறோம். நம் நெஞ்சும் அவ்வகைதான். ஆனால் நாம் அடிக்குமுன் யாரை அடிக்கிறோம் என்று பார்ப்போம்.

அவை கூட்டினோம். உம் ஓலையை உரக்கப் படிக்கச் செய்தோம். மும்முறை ஆகாது என்றதும் வேம்பியின் முகம் வெளுத்தது. உம் மகன் தலையைக் குனிந்துகொண்டான். இருவர் கைக்கணினியையும் நம் முன் வைக்கச் சொல்லி, வழக்கத்தை மீறும் பாவம் நம்மோடு போகட்டும் என்று, நம் மேலாடை நுனியாலேயே சந்தனத்தைத் துடைத்தோம். வேம்பி வைத்தது தும்பி. பூவணன் வைத்தது தென்றல். அவையோர் சிரிக்க அஞ்சினர். நாம் சிரித்தோம், பிறகு அவர்களும் சிரித்தனர்.

மாறியது தெரியுமா என்று உம் மகனைக் கேட்டோம். பூசை முடிந்த அன்றே பக்கத்துத் துளையைக் கண்டு அறிந்துகொண்டதாகவும், இரண்டும் ஒன்றுபோலவே ஓடியதால் பெரிதாக எண்ணவில்லை என்றும், தந்தையார் தன் கணினியின் நலத்தைக் கேட்டாரேயன்றி அதன் பெயரைக் கேட்டதில்லை என்றும் விண்ணப்பித்தான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. உமக்கு எப்படிப் பிறந்தான் என்று வியந்தோம். தந்தையார் ஓலையைத் திருத்தி எழுத ஒரு தவணை தர வேண்டும் என்று காலில் விழுந்தான். முத்திரை குத்தி நம் கைக்கு வந்த ஓலைக்குத் திருத்தம் இல்லை என்று விதி வகுத்தவரே நீர்தாம் என்பதை அவனுக்கு நினைவூட்டினோம். நீர் இன்று ஓடிவந்து தும்பியும் ஆகாது என்று எழுதினால் வேம்பியும் போவாள், அவ்வளவே நடக்கும். உம் மகன் போவது நிற்காது.

வேம்பி முன்வந்து, மாறியது பூசையால் நேர்ந்தது, பூவணன் மேல் பிழை இல்லை, அவரை விட்டுவிட வேண்டும் என்று கைகூப்பி வேண்டினாள். நல்ல சொல்லே. அப்படியாயின் அவனுக்குப் பதிலாக நீ போகிறாயா என்று கேட்டோம். கூப்பிய கையை இறக்கிக்கொண்டு பின்னே போய் நின்றாள். கெட்டிக்காரப் பெண், நம்மிடம் பிழைத்துக்கொள்வாள். அன்றே அவளைப் பயண எழுத்தர் ஆக்கினோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம், சொல்லாமல் விட்டால் நமக்கே மனம் ஆறாது. அவை கலைந்தபின் தும்பியையும் தென்றலையும் நாமே மடியில் வைத்து, ஒன்றில் ஒரு கட்டளையும் மற்றதில் ஒரு கட்டளையும் தட்டிப் பார்த்தோம். ஒரு வேறுபாடும் தெரியவில்லை. எது வந்திருந்தாலும் ஏற்றிருப்போம். எதுவாயினும் சரி என்று நீர் முதல் நாளே எழுதியிருந்தால் உம் மகனையே பயண எழுத்தர் ஆக்கியிருப்போம். உம் முகத்துக்காக அந்த எண்ணமும் நமக்கு இருந்தது. தும்பி வேண்டும் என்ற இரண்டு சொல்லோடு நிறுத்தியிருந்தாலும், அவன் பதவி இல்லாமல் வீடு வந்து சேர்ந்து, உம் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு சுகமாய் இருந்திருப்பான். ஐயோ பாவம், மூன்று சொல் மிகையாகிவிட்டது.

இனி நம் கட்டளை. வரும் வெள்ளுவாவாகிய முழுநிலா நாளில் வடகரைத் துறைக்கு உப்புத்தீவுப் படகு வரும். அதில் உம் மகன் இருப்பான். கால்வலி என்று சொல்லாமல் நீர் துறைக்கு நடந்து வந்து, தென்றலை உம் கையாலேயே அவன் மடியில் வைத்து, இஃது ஆகாது என்று ஊரார் கேட்க ஒருமுறை சொல்ல வேண்டும். உம் மனையாளும் உடன் நிற்க வேண்டும். அழுகை வந்தால் அழலாம். அதற்கு நாம் தடை விதிக்கவில்லை. ஓலைநாயகம் பதவியிலிருந்து உம்மை நீக்கவும் இல்லை. நாளை முதல் மீண்டும் ஓலை எழுதும். எழுதும்போதெல்லாம் இது நினைவில் நிற்கும்.

உப்புத்தீவில் மின்சாரம் கிடையாது. ஆனால் படகு ஒரு பகல் முழுதும் கரையை ஒட்டியே போகும்; அதுவரை மின்மடலைச் சுமக்கும் அலை எட்டும். தென்றலை நிறையச் சார்ஜ் செய்து கொடுக்கச் சொல்லியிருக்கிறோம். சார்ஜ் இருக்கும்வரை அவன் உமக்கும் தாய்க்கும் மின்மடல் எழுதலாம். அதன்பின் அவன் குரல் உங்களுக்கு இல்லை. தென்றலின் மின்கலம் நண்பகலுக்கு முன்பே செத்துவிடும் என்று உம் தீர்ப்போலையில் எழுதியிருக்கிறீர். நீர் எழுதியது பொய்யாக இருக்கட்டும் என்று உம் குலதெய்வத்தை இப்போதே கும்பிடத் தொடங்கும்.

இவ்வாறு செய்க, செய்தபின் செய்தோம் என்று எழுதி விடுக்க. கழியில் நீரும் மலையில் கல்லும் உள்ளவரை இவ்வோலை நிற்க. அரக்கு உருக்கி, நாரை முத்திரை பதித்தோம்.

தேவியார் சொல்லச் சொல்ல, ஓர் எழுத்தும் குறைக்காமல் எழுதினேன், பயண எழுத்தர் அரட்டன் வேம்பி.