படத்தின் உறைக்குள் இருந்த கோடுகள்

அக்கா,

இன்று காலை உங்கள் பீரோவைத் திறந்தபோது வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், மூன்று வாரமாக முதுகுவலியில் பலகையில் கிடக்கும் உங்கள் மகள் செல்வி, அவள் வீட்டுக்காரர், எடைக்கு எடுக்க வந்து வாசலில் நின்ற பழைய பேப்பர்க்காரர். சாட்சி இருக்கட்டும் என்றுதான் எண்ணிச் சொல்கிறேன்.

நீங்கள் நெஞ்சுவலியில் போய் மூன்று வருஷம் ஆகிறது. உங்கள் முதுகு ஸ்கேன் படத்தை இன்றைக்குத்தான் கொடுத்துவிடத் துணிந்தேன். பேப்பர்க்காரர் படத்தை உருவிக்கொண்டு உறையை உதறினார். மடித்த தாள் ஒன்று விழுந்தது.

அந்தப் படம் எடுக்க மதுரைக்குப் போனோமே, நீங்கள், உங்கள் வீட்டுக்காரர், நான். தொண்ணூறுகளின் கடைசி. டாக்டர் விளக்குப் பெட்டியில் அதை மாட்டியதும் நான் பார்த்தது ஒன்றே ஒன்று. முதுகெலும்புகளுக்கு நடுவே மற்ற வட்டுகள் வெளுத்திருக்க, கீழே ஒன்று மட்டும் கறுத்துப் பிதுங்கி நின்றது. வலியே இல்லாமல் நடமாடுகிறவர்களுக்கும் இப்படி இருக்கும், கால் பலம் நன்றாக இருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம், படுத்தே கிடக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக நடங்கள் என்றார். அடுத்த அறையில் ஒரு பெண் உங்களுக்கு ஆறு பயிற்சி செய்து காட்டி, படம் போட்ட தாள் ஒன்றும் கொடுத்தாள். சின்ன வயசு டாக்டர், படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்று பஸ்ஸிலேயே நான் முடிவு கட்டிவிட்டேன். கண்ணால் கண்ட கறுப்பை விட்டு அவர் வாய்ச்சொல்லையா நம்புவது?

வீட்டுக்கு வந்து படத்தை முருகன் படத்துக்குக் கீழே வைத்து உறைமேல் விபூதி பூசினேன். நாகல் நகர் சொந்தமெல்லாம் வந்து, கல்யாண ஆல்பம் மாதிரி அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தது. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட நம் இருவரின் நாத்தனார் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே அழுதார். நீங்கள் சிரித்துவிட்டு, சிரித்ததில் எழுந்த வலியில் முகம் சுளித்தீர்கள்.

அதன்பின் உங்களைக் குனியவிடவில்லை நான். கோலம் கிடையாது, குடம் கிடையாது, தட்டுகூடப் பலகைக்கே வந்தது. ஒருநாள் மட்டும் கேட்டீர்கள்: “அந்தப் பிள்ள சொன்னதச் செஞ்சுதான் பாப்பமேத்தா?” தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பதாக உங்களுக்காக நேர்ந்திருக்கிறேன், அதுவரைக்கும் அசையக் கூடாது என்று தாளைப் பிடுங்கி உறைக்குள் போட்டேன். “சரி, கணக்குப்பிள்ள சொன்னா சரிதான்” என்றீர்கள்.

நடந்தேன். முதல்நாள் ஒட்டன்சத்திரம், மறுநாள் பழனி. கொப்புளத்தோடு வீடு திரும்பியபோது நீங்கள் வாசலில் நின்றிருந்தீர்கள். என்னை உட்காரவைத்து, நீங்களே குனிந்து என் காலுக்கு வேப்பெண்ணெய் போட்டீர்கள். நான் ஓவென்று அழுதேன். “ஒங் காலு நடந்துச்சு, என் முதுகு நிமிந்துச்சு” என்றீர்கள். அன்றிலிருந்து அந்தக் கதையை நான் சொல்லாத ஆள் இல்லை. செல்வியிடமும் அதையே சொல்லித்தான் பலகையில் போட்டேன். அவள் டாக்டரும் எழுந்து நட என்றுதான் சொன்னார். இந்தத் தைப்பூசத்துக்கும் நேர்ந்திருக்கிறேன்.

இன்று விழுந்தது அந்தப் பயிற்சித் தாள். பின்பக்கம் முழுக்கக் கோடு. பால்காரருக்குப் போடுவோமே, நாலு கோடும் குறுக்கே ஒன்றும், அப்படி. கணக்கென்றாலே என்னைக் கேலி செய்த நீங்கள், எனக்குத் தெரியாமல் தாளை உறையிலிருந்து எடுத்து, நாளுக்கு ஒரு வரியாக நாற்பத்தெட்டு வரி போட்டிருக்கிறீர்கள். முதல் வரியில் இரண்டே கோடு. போகப் போகப் பத்து, இருபது. தினமும் நான் பூஜையில் மணியடிக்கும்போது உங்கள் அறையில் தாழ்ப்பாள் விழும். சேலை மாற்றுவதாகச் சொல்வீர்கள். உங்கள் முதுகுக்காக நான் கண்மூடி நின்ற அந்த நேரத்தில், சுவருக்கு அந்தப்பக்கம் நீங்கள் உங்கள் முதுகை நீங்களே நிமிர்த்திக்கொண்டு இருந்தீர்களா?

கடைசி இரண்டு வரிதான் என்னை உட்காரவைத்துவிட்டது. “அவ நடக்குற நாளு. வாசல்லருந்து கொல்லைக்கு” என்று உங்கள் கோணல் கையெழுத்து. பக்கத்தில் கோடு, கோடு, கோடு. இடம் போதாமல் ஓரத்திலும் மேலே ஏறியிருக்கிறது. நான் ரோட்டில் நடந்த இரண்டு நாளும் நீங்கள் வீட்டுக்குள் நடந்திருக்கிறீர்கள்.

செல்வி தாளை வாங்கிப் பார்த்தாள். “அம்மா எந்திரிச்சது இப்டித்தானா சித்தி?” என்றாள். அவள் ஒருக்களித்து, கையூன்றி, பலகையைவிட்டு இறங்கினாள். மாப்பிள்ளை பதறி என்னைப் பார்த்தார். தடுக்கத் தூக்கிய கையை நானே இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன். சுவரைப் பிடித்தபடி அடுப்படிவரை போய்த் திரும்பினாள். “வலிக்குது, ஆனா வருது சித்தி” என்றாள். நான் தாளில் புதிதாக ஒரு கோடு போட்டேன்.

பேப்பர்க்காரரிடம் படத்தைக் கொடுத்துவிட்டேன். தாளை முருகனுக்குக் கீழே வைத்திருக்கிறேன். தைப்பூசத்துக்கு நடக்கத்தான் போகிறேன். செல்வி கொல்லைவரை நடப்பாள்.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அன்றைக்கு என் காலைப் பிடித்துக்கொண்டு அதை ஏன் சொல்லவில்லை? என் மனம் நோகும் என்றா, நான் மறுபடியும் தாளைப் பிடுங்கிவிடுவேன் என்றா? கனவிலோ, கோயிலில் பூப்போட்டு உத்தரவு கேட்கும்போதோ, எப்படியாவது சீக்கிரம் பதில் சொல்லுங்கள் அக்கா.