விசில் ஊதாதவனுக்கு

இன்று காலை எங்கள் தெரு வழியாக ஒரு சாவு ஊர்வலம் போனது. யாரோ வயதானவர். பூவை வாரி இறைத்துக்கொண்டும் சரவெடியைக் கொளுத்திப் போட்டுக்கொண்டும் போனார்கள். சத்தம் அடங்கிய பிறகும் வெடிமருந்துப் புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்து நின்றது. என் மனைவி ஓடி வந்து ஜன்னலைச் சாத்தினாள். அந்த வாசனை எனக்கு ஆகாது என்று அவளுக்குத் தெரியும். வலிப்பு வரவில்லை. நீதான் வந்தாய்.

நீ செத்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. உனக்கு எழுத என்னிடம் நல்ல வார்த்தை எதுவும் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். உன்னைத் திட்டி முடிப்பதற்குள் நீ போய்விட்டாய், அதனால்தான்.

தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கல் குவாரியில் நாம் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். நான் பாறையில் குழி போடுவேன். நீ மருந்தை அடைத்துத் திரி வைப்பாய். என் மனைவி கட்டிக் கொடுக்கும் சோற்றில் பாதி உனக்கு. கல்யாணத்தின்போது அவளுக்கு வாக்குக் கொடுத்து நான் குடியை விட்டேன். பழைய கூட்டாளிகள் கூப்பிட்டபோதெல்லாம் எனக்காகச் சண்டை போட்டு அவர்களை விரட்டியவன் நீ. நான் குடிப்பதில்லை என்று அவளுக்கு அடுத்தபடியாகத் தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

திரியைப் பற்றவைக்கும் முன் விசில் ஊத வேண்டும். ஊதிவிட்டு, எல்லோரும் ஒதுங்கிவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். முதலாளி அன்று உன்னை அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். நீ ஊதவில்லை. பாறைக்குக் கீழே மறந்து வைத்த கடப்பாரையை எடுக்கக் குனிந்திருந்தேன். வலது கை மணிக்கட்டுக்கு மேலே போய்விட்டது. மண்டையில் ஒரு கல் இறங்கியது. அதிலிருந்துதான் இந்த வலிப்பு.

கை போனதைக்கூட விட்டுவிடலாம். நான் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, விசாரிக்க வந்தவர்களிடம் நீ விசில் ஊதியதாகச் சொன்னாய். நான்தான் குடித்துவிட்டு உள்ளே வந்துவிட்டதாகச் சொன்னாய். முதலாளி சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாய். என் மனைவி அதை நம்பினாள். நீ சொன்னதாயிற்றே, எப்படி நம்பாமல் இருப்பாள்? ரிஷிவந்தியத்தில் இருந்த அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். நீ வேலையை விட்டுவிட்டுக் கல்வராயன் மலைக்கு ஏறிப்போய் ஒளிந்துகொண்டாய்.

பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க ஒரு பாஸ்டர் வருவார். எனக்கு யாரும் வராததைப் பார்த்து எனக்கும் கஞ்சி கொண்டுவரத் தொடங்கினார். வீட்டுக்கு வந்த பிறகு கள்ளக்குறிச்சியில் தகரக் கூரை போட்ட அவருடைய சபைக்குப் போனேன். இரட்சிப்புக்காகப் போனேன் என்று பொய் சொல்லமாட்டேன். வலிப்பு நிற்கும் என்றுதான் போனேன். எண்ணெய் பூசி ஜெபித்தார்கள், உபவாசம் இருந்தார்கள். நிற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையின் நடுவிலேயே விழுந்தேன். எழுந்தபோது பெண்கள் பிள்ளைகளை ஓரமாக இழுத்துக்கொண்டு நின்றார்கள். உங்கள் ஆண்டவருக்குக் காது கேட்காதா என்று பாஸ்டரிடம் கத்தினேன். "எனக்கும் புரியலப்பா" என்றார் அவர். வேறு ஏதாவது சமாதானம் சொல்லியிருந்தால் அன்றோடு அந்தப் பக்கமே போயிருக்கமாட்டேன்.

எனக்கு இரண்டே ஜெபங்கள்தான் இருந்தன. வலிப்பை எடுத்துவிடு. அவனை என் கையில் கொடு. வேதத்தில் எதிரியின் பல்லை உடைக்கச் சொல்லிக் கெஞ்சும் ஜெபங்களும் இருக்கின்றன. அவற்றைத் தேடித் தேடி மனப்பாடம் செய்தேன். வீட்டுக்குப் பின்னால் இருந்த வாழை மரங்களை இடது கையால் வெட்டிப் பழகினேன். இந்தக் கை எழுதப் பழகுவதற்கு முன்பே உன்னை வெட்டப் பழகிவிட்டது.

நீ வெள்ளிமலைப் பக்கம் ஒரு மரவள்ளிக் காட்டில் வேலை செய்வதாகத் தெரிந்ததும் கொடுவாளைச் சிமெண்டுப் பையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். வடக்கனந்தல் தாண்டி, மலைப்பாதையில் வண்டி திணறி ஏறும்போதெல்லாம், நீ என்னிடம் எப்படிக் கெஞ்சுவாய் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். அதைப் போன்ற ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் அனுபவித்ததில்லை.

நீ கிழங்கைப் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தாய். நான் கூப்பிட்டதும் நிமிர்ந்து பார்த்தாய், பையையும் பார்த்தாய். ஓடவில்லை. நான் நாலு எட்டு வைத்திருப்பேன். நாக்கில் துருப்பிடித்த இரும்பின் ருசி ஏறியது. வலிப்பு வருவதற்கு முன் எப்போதும் வரும் ருசி அது. இப்போது வேண்டாம், இப்போது மட்டும் வேண்டாம் என்று ஆண்டவரிடம் கெஞ்சியது நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது உன் குடிசைக்குள் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். என் தலை உன் மடியில் இருந்தது. வாய் நுரையைத் துடைத்திருந்தாய். நான் நனைத்துக்கொண்ட கைலியை அவிழ்த்துவிட்டு உன்னுடையதைக் கட்டிவிட்டிருந்தாய். உன்னைக் கொல்ல வந்தவன் உன் கைலியில் கிடந்தேன். அந்த அவமானம் இன்றைக்கும் என் காதைச் சுடுகிறது.

"கத்தி தோ அங்க கீது" என்றாய். "தல சுத்தறது நின்னப்புறம் எட்த்துக்கோ."

கை எட்டும் தூரத்தில் சுவரில் சாய்த்து வைத்திருந்தாய். என்னால் விரலைக்கூட மடக்க முடியவில்லை. அழுதேன். ஏன் ஊதவில்லை என்று கேட்டேன். நீ முதலாளியின் அவசரத்தைச் சொன்னாய், ஜெயிலுக்குப் பயந்ததைச் சொன்னாய். என் மனைவியிடம் போய் உண்மையைச் சொல் என்றேன். தலையாட்டினாய். நம்பவில்லை. ஆனால் போனாய். அவளுடைய அப்பா, அண்ணன் எல்லோர் முன்னாலும் சொன்னாயாம். அவர்கள் அடித்த அடியில் உன் முன்பல் போனதாம், நீ கையைக்கூடத் தூக்கவில்லையாம். அவள் திரும்பி வந்தாள். அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து அவள் வந்ததைச் சாட்சியாகச் சொன்னேன். உன் பல் விழுந்ததைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷத்தை மட்டும் சொல்லவில்லை.

அதிகாரிகளிடம் நீ கடைசிவரை வாய் திறக்கவில்லை. முதலாளியிடம் உனக்கு இருந்த பயம் சாகும்வரை போகவில்லை. சர்க்கார் காகிதத்தில் நான் இன்னும் குடிகாரன்தான். அதற்கு நீ எனக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஆனால் ஒன்றை நானும் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எடுத்துவிடு, எடுத்துவிடு என்று நான் கெஞ்சிய அந்த வலிப்பை, ஆண்டவர் என் முதல் ஜெபத்தைக் கேட்டு எடுத்திருந்தால், இன்று நான் கொலைகாரன். என் பலத்தில் எனக்கு வந்ததெல்லாம் அந்தக் கொடுவாள்தான். கிறிஸ்து எனக்குப் பக்கத்தில் வந்தது நான் வலிப்பில் வெட்டி இழுத்துக்கொண்டு தரையில் கிடந்தபோது. அதுவும் உன் மடியில். அவர் வேறு யாருடைய மடியையாவது தேர்ந்தெடுத்திருக்கலாம் என்று அவரிடமே சண்டை போட்டிருக்கிறேன்.

கல்தூசி உன் நெஞ்சை அடைத்துவிட்டது என்று கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீ படும் பாட்டைப் பார்த்துத் திருப்திப்படத்தான் வந்தேன். படுத்தால் மூச்சு வரவில்லை உனக்கு. உட்காரத் தெம்பில்லை. நர்ஸ் யாரும் பக்கத்தில் இல்லை. கட்டிலில் ஏறி உன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, இடது கையையும் மொண்டிக் கையையும் கோத்து உன்னை நிமிர்த்திப் பிடித்தேன். உன் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சீரானது. நீ எலும்பும் தோலுமாக இருந்தாய். ஒரு பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பது போல இருந்தது.

"மன்னிச்சிட்டியாடா?" என்று கேட்டாய்.

"இன்னும் இல்ல" என்றேன்.

நீ சிரித்தாய். பல் போன இடம் தெரிந்தது. "நிஜத்த சொன்ன பாரு, அது போதும்" என்றாய். சாயங்காலம் உன் மனைவி வரும்வரை உன்னை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் போய்விட்டாய்.

சபையில் பலர் எனக்குப் புத்தி சொல்கிறார்கள். செத்தவன்மேல் என்ன கோபம், விட்டுவிடு என்கிறார்கள். விட முடிந்தால் விட்டிருக்கமாட்டேனா? சட்டைப் பித்தானை ஒற்றைக் கையால் போடும் ஒவ்வொரு காலையும் உன்மேல் கோபம் புதிதாக வருகிறது. அதை அடக்கும் சக்தி என்னிடம் இல்லை. இல்லை என்பதை மட்டும் மறைக்காமல் கொண்டுபோய் ஆண்டவர் முன்னால் வைக்கிறேன். முன்பெல்லாம் உன்னைக் கையில் கொடு என்று கேட்டவன், இப்போது முழங்கால் போட்டு முதலில் உன் பேரைச் சொல்கிறேன். அதற்குப் பிறகு என்ன சொல்வதென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. சில நாள் திட்டுகிறேன். சில நாள் சும்மா இருக்கிறேன். ஆனால் உன் பேரைச் சொல்லாமல் ஒரு நாளும் எழுந்ததில்லை.