கேட்கும் முன்பே வந்த பதில்கள்

இன்று மதியம் திரையில் நீ பதில் சொன்னாய். பயந்துவிட்டேன், உன்னிடம் சொல்வதற்கென்ன.

கம்ப்யூட்டரில் தமிழ் தட்டச்ச நீ எழுதிய எடிட்டரை இலவச மென்பொருள் சிடி ஒன்றில் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தார்களே, அவர்கள் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள். அதை நிறுவும் ஸ்கிரிப்ட் தேவையானதெல்லாம் இருக்கிறது என்கிறதாம், பிறகு பாதியில் நின்றுவிடுகிறதாம். இந்த வாரம் சரியாகாவிட்டால் சிடியில் இடமில்லை. நீ விட்டுப்போனது அது ஒன்றுதான். உன் ஃப்ளாப்பியைப் புது மெஷினில் போட்டு அந்த ஸ்கிரிப்டை ஓட்டினேன். நாம் வேலை பார்த்த மில்லின் கம்ப்யூட்டர் அறையில் வேறு யாருமில்லை.

கம்பைலர் இருக்கிறதா, எடிட்டர் துணைக்கு அழைக்கும் இந்த லைப்ரரி நிரல் இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் ஒவ்வொன்றாக விசாரிக்கும். மெஷின் தேடிப் பார்த்து, கொஞ்சம் திணறித்தான் பதில் சொல்லும். இன்று திணறலே இல்லை. இருக்கிறது, இருக்கிறது என்று வரிசையாக விழுந்தது. சவுண்ட் லைப்ரரி? இருக்கிறது. அதை இந்த மெஷினில் யாருமே ஏற்றவில்லை. உன் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன்.

நீ அப்படித்தானே பேசுவாய். ராஜபாளையம் பஸ்ஸில் ஏறியதும் "சாப்ட..." என்று நான் தொடங்கும்போதே "ஆச்சுட்டி" என்பாய். ஆகியிருக்காது. அய்யனார் கோவிலுக்குப் போன அன்று பாறையில் உட்கார்ந்துவிட்டாய். உதடு நீலம் பாரித்திருந்தது.

"என்னட்டி செய்யுது?"

"ஒண்ணுஞ் செய்யல. நல்லாத்தான் இருக்கேன். நீ முன்னால போ, செத்த நேரத்துல வாரேன்."

அடுத்த வாரம் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. அந்த "நல்லாத்தான் இருக்கேன்" மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

காரணத்தைச் சாயங்காலம் கண்டுபிடித்தேன். ஒருமுறை கிடைத்த பதில்களை ஸ்கிரிப்ட் ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளும், மறுபடி தேடாமலிருக்க. எடிட்டரைப் பொதிந்தபோது அந்தக் கோப்பையும் சேர்த்துப் பொதிந்துவிட்டாய். உன் மெஷின் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. அதன் பதில்கள் மட்டும் மற்ற மெஷின்களுக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கின்றன. காரணம் தெரிந்தும் எனக்குச் சிலிர்ப்பு அடங்கவில்லை.

அந்தக் கோப்பை அழிக்க விரல் வரவில்லை. அழிக்காவிட்டால் எடிட்டர் பிழைக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு அழித்தேன். மறுபடி ஓட்டியபோது மெஷின் தேடியது, தயங்கியது, கடைசியில் இல்லை என்றது. அந்த லைப்ரரி இல்லாவிட்டால் சத்தமில்லாமலே ஓடட்டும் என்று நாலு வரி சேர்த்தேன். எடிட்டர் திறந்துகொண்டது. அழுதுவிட்டேன்.

புதுப் பொதியை அனுப்பியாயிற்று. பழையதை எந்தெந்த ஊரில் யார் யார் வைத்திருக்கிறார்களோ, தெரியாது. இந்நேரம் யாரோ ஒருவர் அதை ஓட்டிக்கொண்டிருக்கலாம். நீயும் யோசிக்காமல், "இருக்கிறது, இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருப்பாய்.

எனக்கு மிஞ்சியது ஒரு பயம். சட்டென்று வரும் நல்ல பதில் எதையும் இப்போது நம்ப முடிவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு வந்துசேர்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உள்ளே அம்மா முனகினாள். "என்னம்மா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல, நீ எழுது."

பேனாவை வைத்துவிட்டுப் போய் நெற்றியைத் தொட்டேன். சுட்டது.