அட்டவணையில் மாகாளி வாசம்

மார்கழி 20, வெள்ளி.

நாளை வகுப்பில் மாட்ட வேண்டிய அட்டவணையை எழுதி முடித்துவிட்டேன். இடப்பக்கம் எறும்புத்தின்னி என்கிற அழுங்கு, வலப்பக்கம் மாகாளிக்கிழங்கு. அழுங்கு பாலூட்டி, உடம்பெல்லாம் செதில் இருந்தாலும் நாய், பூனைக்குத்தான் கிட்டத்துச் சொந்தம். மாகாளி பூக்கும் கொடி, எருக்கின் குடும்பம். வகைப்பாட்டில் எங்கும் ஒட்டாத இரண்டும் கடைசி வரியில் ஒன்றாகிவிட்டன: அழியும் ஆபத்தில் உள்ளவை.

சாயங்காலம் திண்டிவனம் மார்க்கெட்டில் வல்லத்துக்காரர் கிழங்கோடு உட்கார்ந்திருந்தார். வருஷாவருஷம் ஊறுகாய்க்கு அவரிடம்தான் வாங்குகிறேன். இன்று, அழுங்கு மாதிரி இதுவும் அழிகிறது, வேரோடு தோண்டாதீர்கள் என்றேன்.

"கெழங்கே வேருதானே டீச்சர்? அத்த வுட்டுட்டு இன்னாத்த எடுக்கறது?" என்றார். "அழுங்கத் தொட்டா ஜெயிலு. இதுக்குக் கேக்க ஆளில்ல. முன்னல்லாம் மலையடியிலயே கெடைக்கும். இப்ப உச்சி வரைக்கும் ஏறிக்கினு போறேன். அடுத்த வருசம் இருக்காது. வேணும்னா இப்பவே எடுத்துக்குங்க."

இருக்காது என்றதும் பதறிவிட்டேன். எப்போதும் ஒரு கிலோ வாங்குகிறவள் மூன்று கிலோ வாங்கினேன். நான் விட்டால் வேறு யாராவது வாங்கத்தானே போகிறார்கள் என்று வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன்.

தோல் சீவி, நறுக்கி, மோரில் ஊறப் போட்ட பிறகுதான் அந்தக் கடைசி வரியை எழுதினேன். இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் மாகாளிக்கே உரிய மூட்டைப்பூச்சி வாசம் கையை விட்டுப் போகவில்லை. அட்டையை முகர்ந்து பார்த்தேன். அதிலும் இருக்கிறது. முதல் பெஞ்சுப் பெண்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.