நான் கதைக்காத இருபது நாட்கள்

அம்ராவின் வாப்பா,

துறைமுகத்தில் இரவு வேலை முடிந்து பசியோடு வருவீர்கள். பிட்டும் மீன் ஆணமும் குசினியில் மூடி வைத்திருக்கிறேன்.

அம்ராவின் கல்யாணப் பேச்சில் வந்த சண்டைக்காகத்தான் நான் இருபது நாளாக உங்களோடு கதைக்கவில்லை என்று நினைக்கிறீர்கள். நேற்றும், "என்ன, வாய்க்குப் பூட்டுப் போட்டாச்சா?" என்று கேட்டீர்கள். முதல் இரண்டு நாளும் கோபம்தான். பிறகு குரல் அடைத்துவிட்டது. நீங்கள் பயப்படுவதைவிட, நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைப்பதே நல்லது என்று அப்படியே விட்டுவிட்டேன்.

போன கிழமை தொண்டை டொக்டர் கெமரா விட்டுப் பார்த்தார். குரல்நாணில் ஒரு கட்டி இருக்கிறது. "சதை எடுத்துச் சோதிச்சால்தான் புற்றுநோயா இல்லையா எண்டு சொல்ல ஏலும்" என்றார். இன்று மயக்க மருந்து கொடுத்து எடுக்கப்போகிறார்கள். பக்கத்து வீட்டு றுக்கியா ராத்தா என்னோடு வருகிறார்.

அம்ரா போன் எடுத்து என்னைக் கேட்டால், உம்மா குளிக்கிறா என்று சொல்லுங்கள்.

கொஞ்சம் நித்திரை கொண்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

இன்னொன்று. நேற்று நீங்கள் சைக்கிளை எடுத்தபோது, இதைச் சொல்லத்தான் வாசலுக்கு ஓடி வந்து கூப்பிட்டேன். காற்றுத்தான் வந்தது. உங்களுக்குக் கேட்டிருக்காது.