அணைக்காத லாரி

சித்திரை 6, ஞாயிறு

விடியும்போதே வெயில். காற்று ஒரு பொட்டு இல்லை.

மானம் போனதை முதலில் எழுதிவிடுகிறேன். எதிர் வீட்டு ஜவுளிக்கடை ரங்கசாமியின் மகளுக்கு இன்று நிச்சயதார்த்தம். கல்யாண மண்டபம் அம்மாபேட்டையில். லாரியில் போய் இறங்கினேன். பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. லாரிக்குச் சிரிக்கிறார்கள் என்று நினைத்து நானும் பெருந்தன்மையாகச் சிரித்து வைத்தேன். சாப்பாடு, வெற்றிலை, மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் குடும்பம் நடத்துவது பற்றி அரைமணி உபதேசம். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தால் மீசையின் இடது பாதி கன்னங்கரேல். வலது பாதி வழக்கமான வெள்ளை. கிளம்பும் முன் லாரியின் அடுப்புக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்த வினை. கிழவன் மீசைக்கு மை பூச உட்கார்ந்து, பாதியில் மை தீர்ந்துபோய், அப்படியே எழுந்து வந்துவிட்டான் என்று ஊரே முடிவு கட்டியிருக்கும்.

என் மனைவி காவேரி (இனி கா.; மை விற்கிற விலை அப்படி) கதவோரம் நின்று, "ஏனுங்க, மறுக்கா மாப்பிள்ளை ஆவற யோசனைங்களா?"

எண்ணெய் போட்டுத் தேய்த்தும் சாம்பல் நிறத்தில் நிற்கிறது.

சித்திரை 8, செவ்வாய்

என் கடலை மண்டிக்கு லாரி. க்ஷவரத்துக்கு லாரி. தபாலாபீசில் ஒரு கார்டு போட லாரி. தபாலாபீஸ் எங்கள் செவ்வாய்ப்பேட்டைத் தெரு முக்கில்.

நாவிதர் கேட்டார்: "கடலை மூட்டை ஏத்தற வண்டியில தலையை ஏத்திட்டு வாரீங்களே, பாரம் பத்துமுங்களா?" பத்தாதுதான்.

இதை யாரும் படிக்கப்போவதில்லை. ஆனாலும் நாளைக்கு எனக்கே என் மேல் சந்தேகம் வந்தால் பார்க்க வேண்டுமே, காரணம் எழுதி வைக்கிறேன். யுத்தத்தில் பெட்ரோல் அளந்து கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து நம் கார் கொட்டகையில் செங்கல் மேல் உட்கார்ந்திருக்கிறது. லாரிக்கு முதுகில் ஆள் உயரத்துக்கு ஒரு தகர உருளை மாட்டியாகிவிட்டது. அதில் அடுப்புக்கரி கொட்டி மூட்டி, விசிறிச் சக்கரத்தைக் கை ஓயச் சுற்றினால் ஒரு கேஸ் வரும். அதில்தான் எஞ்சின் ஓடுகிறது. நெருப்பு அணைந்து உருளை ஆறிவிட்டால் மறுபடி கிளப்ப முக்கால் மணி நேரம். சில நாள் அதற்கு மேலும்.

அந்த முக்கால் மணிக்குத்தான் பயப்படுகிறேன். மகள் செல்லம்மாள் சங்ககிரியில் புருஷன் வீட்டிலிருந்து பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். மாதம் நிறைந்துவிட்டது. போன தடவை சங்ககிரியிலிருந்து மாட்டு வண்டியில் கிளம்பினார்கள். ரயில்வே கேட்டில் மாடு படுத்துக்கொண்டது. வாலை முறுக்கினார்கள், அடித்தார்கள், எழவில்லை. ஆஸ்பத்திரி வந்து சேர்ந்தபோது பிள்ளை இல்லை. இந்தத் தடவையும் குழந்தை குறுக்கே கிடக்கிறதாம். டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: "மருத்துவச்சி, கஷாயம் எதுவும் வேண்டாம். வலி எடுத்த உடனே இங்கே கொண்டு வந்துவிட வேண்டும்."

ஆகவே நெருப்பு அணையக்கூடாது. நெருப்பு உயிரோடு இருக்க வேண்டுமானால் வண்டி அடிக்கடி ஓட வேண்டும். ஆகவே கார்டு போட லாரி.

செல்லாவிடம் காரணம் சொல்லவில்லை. பயந்துகொள்வாள். அப்பனுக்குக் கிறுக்கு முற்றிவிட்டது என்று நினைத்தால் நினைக்கட்டும், அது பழைய சேதிதான்.

சித்திரை 9, புதன்

டிரைவர் செங்கோடனுக்கும் எனக்கும் ஒரே பெருமை. ஞாயிறு மூட்டிய நெருப்பு இன்னும் அணையவில்லை. சங்ககிரி லாரிக்காரர்கள் தினம் காலையில் அணைத்து, சாம்பலை வழித்து, மூட்டி, முக்கால் மணி அவதிப்படுகிறார்கள். நமக்கு அந்தச் சிரமமே இல்லை. மேலே கரியைக் கொட்ட வேண்டியது, போக வேண்டியது.

"இந்த ரோசனை எவனுக்கும் வரலைங்களே," என்றான் செங்கோடன். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆமோதிக்க ஆள் கிடைத்தால் ஒரு மனிதனுக்கு என்னதான் தைரியம் வருகிறது.

இரவில் முறை. முன்னிரவு அவன், பின்னிரவு நான். லாரிக்குள்ளேயே கோரைப்பாய். சந்தேகத்துக்கு ஒருமுறை விசிறி.

ரங்கசாமி வந்து சண்டை. மாடியில் காய்ந்த அவர் வேட்டிகளில் கரித்தூள். "ஏழு முழ வெள்ளையைக் காயப்போட்டா மயில்கண் கரை வெச்சு வருதுங்க." கரைக்குத் தனியாக விலை வாங்காமல் விட்டேனே என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

கா. சாயங்காலம் செல்லாவுக்கு முதுகில் எண்ணெய் தேய்த்தாள். கால் வீங்கியிருக்கிறது. சோறு இறங்கவில்லை. நான் பார்க்காதது போல் பேப்பர் படித்தேன். பேப்பர் பழையது.

சித்திரை 11, வெள்ளி

வெயில் கொடுமை. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது.

புது வதந்தி. குழாயடியில் கா. கேட்டு வந்தது: மண்டிக்காரருக்கு ரகசியச் சேதி வந்திருக்கிறது, சேலத்தில் குண்டு போடப்போகிறார்கள், அதனால்தான் ராத்திரி பகலாக லாரியைச் சூடாக வைத்துக்கொண்டு ஓடத் தயாராக இருக்கிறார். பட்டணத்திலிருந்து குண்டுக்குப் பயந்து ஓடிவந்து எங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் வக்கீல், அவிழ்த்த மூட்டையை மறுபடி கட்டிவிட்டாராம்.

ரங்கசாமி சண்டையை மறந்து பின்கட்டு வழியாக வந்தார். குரலை இறக்கி, "எப்பங்க?"

"எது?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்களே. பனமரத்துப்பட்டியில மச்சினன் ஊடு இருக்குது. துணி பேல் மூட்டையை அங்கே அனுப்பிடலாமுங்களா? ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நான் ஆர்கிட்டயும் மூச்சு உடமாட்டன்."

உள்ளதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பொழுது சாய்வதற்குள் குழாயடிக்குப் போய், அங்கிருந்து செல்லாவின் காதுக்குத் திரும்பி வரும். 'குறுக்கே' என்கிற வார்த்தை அவள் காதில் விழக்கூடாது. ஆகவே வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. சாயங்காலமே நாலு பேல் பனமரத்துப்பட்டிக்குப் போய்விட்டன.

சிரிக்க வேண்டிய விஷயம். சிரிக்க முடியவில்லை.

சித்திரை 12, சனி

எஞ்சின் திணறுகிறது. பாலத்து ஏற்றத்தில் இருமிற்று, நின்றது, மறுபடி இருமிற்று. தள்ளித்தான் ஏற்றினோம்.

"கரி ஈரமுங்க," என்றான் செங்கோடன்.

"ஈரக்கரிதான்," என்றேன். எனக்கு என்ன தெரியும்? ஆனால் அழுத்திச் சொன்னேன். சேர்வராயன் மலைக் கரி, கல் மாதிரி இருக்கிறது, அதை வாங்கி மேலே கொட்டினோம். விசிறியை இரண்டு பங்கு சுற்றினோம். உருளை சிவந்துபோய் நிற்கிறது. ஆள் பார்த்தால் பக்தி வரும்.

மத்தியானம் செல்லா திண்டில் சாய்ந்தபடி கூப்பிட்டாள். "அப்பா, இங்க வாங்க."

போனேன்.

"ராத்திரி விசிறி சுத்தறது நீங்கதானுங்களா?"

"செங்கோடன்."

"செங்கோடன் சுத்தினா ஒரே சீரா இருக்குமுங்க. நீங்க சுத்தினா நடுவுல நின்னு நின்னு வரும்."

நான் உத்தரத்தைப் பார்த்தேன். பல்லி கூட இல்லை.

"எனக்குத் தெரியுமுங்க. டாக்டரம்மா அம்மாகிட்டச் சொன்னப்ப நான் திரைக்குப் பொறத்தாலதானே படுத்திருந்தேன்." பிறகு, "அந்தச் சத்தம் கேட்டாத்தான் தூக்கம் வருது. நிறுத்திடாதீங்க."

"நிறுத்தமாட்டஞ் சாமி," என்றேன். அதற்கு மேல் அங்கே நின்றால் அசிங்கமாகிவிடும். லாரியைப் பார்க்கப் போவதாகச் சொல்லி வெளியே வந்தேன். உண்மையில் லாரிக்குப் பின்னால்தான் போய் நின்றேன். செங்கோடன், "கண்ணுல கரி உழுந்திருச்சுங்களா?" என்றான். ஆமாம் என்றேன்.

வண்டியில் போட்டது: வைக்கோல், அதன் மேல் மெத்தை, இரண்டு தலையணை, தண்ணீர்ச் செம்பு, வெயிலுக்கு ஜமக்காளம். மெத்தை நம் கட்டில் மெத்தை. கா.வும் நானும் தரையில்.

சித்திரை 14, திங்கள்

ராத்திரி எழுதுகிறேன், உள்ளங்கையில் தோல் உரிந்திருக்கிறது. கோணல் மாணலாக இருந்தால் அதனால்தான்.

காலைப் பலகாரம் முடிந்து கை கழுவுகிறேன், கா. ஓடி வந்தாள். "வலி எடுத்திருச்சுங்க." செல்லாவைத் தாங்கி லாரியில் மெத்தையில் படுக்க வைத்தோம். கா. பக்கத்தில் உட்கார்ந்து ஜமக்காளத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் முன்னால் ஏறினேன். செங்கோடன் கிளப்பினான். நெருப்பு இருக்கிறது, உருளை சுடுகிறது, கேஸ் இல்லை. ஒரு இருமல். அப்புறம் அதுவும் இல்லை.

செங்கோடன் கீழே இறங்கி அடிக்கதவைத் திறந்து கம்பியை விட்டான். கம்பி போகவில்லை. சாம்பலெல்லாம் உருகி, வெல்லப்பாகு இறுகின மாதிரி, அடியில் ஒரே கட்டியாகக் கிட்டம் பிடித்து அடைத்துக்கொண்டிருக்கிறது. சூடு ஏற்ற ஏற்ற இறுகியிருக்கிறது. அதற்காகத்தான் மற்றவர்கள் தினமும் அணைத்து வழிக்கிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"இப்ப வழிச்சா?"

"ஆறோணுமுங்க. ஆறி, ஒடைச்சு, மறுக்கா மூட்டி..."

செல்லா மேலே ஒரு சத்தம் போட்டாள். அந்தச் சத்தத்தை இங்கே எழுதப்போவதில்லை.

நான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்னால் போய் லாரியைத் தள்ள ஆரம்பித்தேன். மூளை வேலை செய்யாத நேரத்தில் கை வேலை செய்யும் போலிருக்கிறது. செங்கோடன் ஸ்டீரிங்கில். லாரி அசையவில்லை. மண்டி ஆட்கள் ஓடி வந்தார்கள். அசைந்தது. எதிர் வீட்டுக் கதவு திறந்து ரங்கசாமி டிரங்குப் பெட்டியோடு ஓடி வந்தார்.

"வந்துருச்சுங்களா? என் பொட்டியையும் ஏத்திக்கோங்க!"

"குண்டு இல்லைங்க. எம் புள்ளைக்கு வலி. குறுக்கே கெடக்குது. தள்ளுங்க."

மனிதர் பெட்டியை நடுத்தெருவில் அப்படியே போட்டுவிட்டு, பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டி என் பக்கத்தில் தோள் கொடுத்தார். வக்கீல் வந்தார், பூணூலை மாலையாகப் போட்டுக்கொண்டு. பெயர் தெரியாத ஆட்கள் பலர் வந்தார்கள். தெரு அகலம் லாரி, லாரி அகலம் மனிதர்கள். முக்கால் மைல். நாலடிக்கு ஒருமுறை எவனோ "ஏலேலோ" என்றான். ரங்கசாமி, "பிரசவத்துக்குப் போற வண்டிடா, வாயை மூடிட்டுத் தள்ளு," என்றார்.

வழி முழுக்க நான் மேலே பார்த்து அவளிடம் பேசிக்கொண்டே வந்தேன். "வந்துட்டோம் சாமி, இந்தா வந்துட்டோம்." பாதி தூரத்தில் செல்லா பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள். கா. மட்டும், "தள்ளுங்க, நிக்காதீங்க, தள்ளுங்க."

ஆஸ்பத்திரி வாசல். நாலு பேர் மெத்தையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். கதவு சாத்தினார்கள்.

தாழ்வாரத்தில் நான், ரங்கசாமி, செங்கோடன். ரங்கசாமிக்குக் கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தம். வலிக்கிறதா என்றேன். "எங்கேங்க?" என்றார். செங்கோடன் யார் முகத்தையும் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஒரு ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். நான் சாத்தின கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உச்சிப்பொழுது சாய்ந்த பிறகு டாக்டரம்மா வெளியே வந்தார். பெண். பிழைத்துவிட்டது. தாயும் பிழைத்துவிட்டாள், நிறைய ரத்தம் போயிருக்கிறது. "இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால்..." என்று ஆரம்பித்து என் மீசையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

குழந்தையைக் காட்டினார்கள். தொடவில்லை. கை இரண்டும் கரி.

சித்திரை 15, செவ்வாய்

புழுக்கம். மழை வரும் போல.

செல்லா கஞ்சி குடித்தாள். பேச்சு மெதுவாக. "விசிறிச் சத்தம் இல்லாம ராத்திரி தூக்கமே வரலைங்க," என்றாள். குழந்தை கத்தின கத்தலில் ஆஸ்பத்திரியில் யாருக்குமே தூக்கமில்லையாம், தாதி சொன்னாள். நம் குடும்பம்தான்.

ஊர் பூராவும் லாரி பேச்சு. க்ஷவரக் கடை, மண்டி, குழாயடி, எங்கும். ஒரு தெருவே கூடி ஒரு லாரியைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு உயிரைக் காப்பாற்றியதாம். ரங்கசாமி கட்டைவிரலில் பெரிய துணிக்கட்டோடு திரிகிறார், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்கிறார். அவர் கதையில் முக்கால் மைல் இரண்டரை மைலாகிவிட்டது. நான் திருத்தவில்லை. எனக்கும் கொஞ்சம் தலை நிமிர்ந்துதான் இருந்தது, ஒளிப்பானேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ஜட்காக்காரர் பிடித்துக்கொண்டார். குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டே, வருத்தமாக:

"ஏனுங்க, நேத்து செவ்வாப்பேட்டையிலிருந்து உங்க லாரிக்குப் பின்னாலயே வந்தனுங்க. தெருவை அடைச்சிட்டுப் போனீங்க, தாண்ட எடமில்லை. வண்டி மணியைக் காலால அழுத்தி அழுத்திக் காலே நோவுது, ஒருத்தர் திரும்பிப் பாக்கோணுமே. சவாரி ஒண்ணுமில்லைங்க. வெறும் வண்டி."